புளிப்பு தங்காத கை

ஹவானாவிலிருந்து திரும்பி வந்த செஃபெரினோ குவேதோ கையில் எடுத்த புளிப்பு ஆப்பிள், அவன் அதைக் கூடையில் போடுவதற்குள் இனித்துவிடும். யமார்கோன் என்ற எங்கள் ஊர்ப்பங்கில் இது நடக்க ஆரம்பித்த ஆண்டு சோளம் விலை ஏறியிருந்தது, எருது விலை இறங்கியிருந்தது, கியூபாவில் சர்க்கரை விலை விழுந்து கப்பல் கப்பலாக ஆட்கள் ஹிஹோன் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு விஷயம் உடனே தெரியவில்லை. ஓர் அறுவடை முடிந்து, ஒரு வசந்தம் வீணாகி, அடுத்த அறுவடை வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஊரில் எல்லோரும் எல்லோரையும் ஒரு சுற்று சந்தேகித்து முடித்திருந்தோம்.

அவனுடைய அக்கா ஒப்துலியா, புருஷனை இழந்தவள், அப்பா விட்டுப்போன ஆப்பிள் மது ஆலையைத் தனியாக நடத்திவந்தாள். ஆலை என்றால் ஒரு பெரிய மர அழுத்தி, அதன் பின்னால் வரிசையாகக் கஷ்கொட்டை மரப் பீப்பாய்கள், தரையில் வருடம் முழுக்கப் போகாத ஈரம். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆலை இல்லை, அவள் வாய். இனிப்பு ஆப்பிளை யார் வேண்டுமானாலும் பொறுக்கிவிடலாம், பன்றிகூடச் சரியாகப் பொறுக்கும். மதுவை நிமிர்த்தி நிற்க வைப்பது புளிப்பு ஆப்பிள்தான். அது குறைந்தால் பீப்பாயில் இருப்பது கோடை வரை தாங்காது. கூடினால் குடிப்பவன் முகம் கோணிப்போகும். ஒப்துலியா ஒவ்வொரு தோப்பாகப் போவாள். மரத்தடியில் நின்று ஒரு கடி கடித்து, விழுங்காமல் கடைவாய்க்குத் தள்ளி, தூரத்தில் ஏதாவது ஒரு கூரையையோ பசுவையோ பார்த்துக்கொண்டு மெல்லுவாள். பல் கூசி, காதுக்குக் கீழே நரம்பு சுண்டி இழுத்தால் துப்பிவிட்டுத் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலுக்காக மூன்று பள்ளத்தாக்கு ஆலைக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எங்கள் பக்கம் புளிப்பில் மூன்று ஜாதி. ரஷாவ், சிவந்தது, பார்க்க அழகு, பல்லுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டும். ரெகோனா, புளிப்போடு ஒரு கசப்பும் சேர்ந்தது, ஒரு வருடம் காய்த்து மறு வருடம் கோபித்துக்கொள்ளும். மூன்றாவது மலை எலுமிச்சை. பெயர்தான் எலுமிச்சை, ஆப்பிள்தான், கறும்பறவைகள்கூட ஒரு கொத்துக்கு மேல் கொத்தாது.

செஃபெரினோ வந்தது இப்படித்தான் ஒரு ரஷாவ் மரத்தடியில் அவள் வாயில் ஆப்பிளோடு நின்ற காலை. தூறலில் வெள்ளை லினன் உடை உடம்போடு ஒட்டியிருக்க, கையில் ஒரு அட்டைப் பெட்டி. பதினேழு வயதில், மொரோக்கோ சண்டைக்கு ஆள் பிடிக்க வருவதற்கு முன் ஊரைவிட்டுப் போனவன், ஏறக்குறைய இருபது வருடம் கழித்து வந்து நின்றான்.

"அக்கா, நான்தான்."

"நான்தான்னா எவன்?"

"செஃபெரினோ."

அவள் ஆப்பிளைத் துப்பினாள். மேலும் கீழும் பார்த்தாள். "அப்படியா. மழையில நிக்காத, உள்ள வா. சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்," என்றாள்.

சாப்பாட்டு மேசையில்தான் அவளுடைய சந்தேகம் பிறந்தது. ஊரைவிட்டுப் போன செஃபெரினோ புளிச்ச பையன். உறுதிப்பூசுதல் சடங்கு நடத்த வந்த ஆயரின் விரலைக் கடித்தவன். பிறந்த கன்றுக்குட்டியைப் பார்த்து "இதுவும் சாகத்தானே போகுது" என்று சொன்னவன். கப்பலேறும் நாளில் வழியனுப்ப வந்தவர்களிடம், திரும்பிப் போங்கள், உங்கள் மூஞ்சியைப் பார்க்காமலிருக்கத்தான் கடல் தாண்டுகிறேன் என்றவன். இந்த மனிதனோ வெள்ளை மொச்சையை ரசித்துத் தின்றான், அந்தப் பையன் எப்போதும் நாய்க்கு எறிந்த இரத்தத் தொத்திறைச்சியையும் தின்றான், சோள ரொட்டியால் தட்டை வழித்தான், நன்றாயிருக்கிறது அக்கா, நன்றி என்றான். தன்னை ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரனுக்கும் நன்றி சொல்லியிருந்தான். மாட்டுக்கும் சொன்னதாக வண்டிக்காரன் எல்லோரிடமும் சொன்னான்.

ஊர் தன் பங்குக்கு யோசித்தது. பக்கத்துத் தோப்புக்காரன் பெலார்மினோ, பிறருடைய விஷயங்களில் நேரம் பார்க்காமல் உழைப்பவன், முதலில் கண்டுபிடித்துச் சொன்னான்: சட்டப்படி தோப்பில் பாதி தம்பிக்கு, அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான். செஃபெரினோ கேட்கவில்லை. மாதங்கள் போயும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது கேட்பதைவிட மோசம் என்று பெலார்மினோ சொன்னான். சாராயக்கடை நடத்திய தெல்வாவுக்கு ஞாபகசக்தி அதிகம். செஃபெரினோவின் முழங்காலில் அரிவாள் வெட்டுத் தழும்பு உண்டென்றாள். ஆற்றில் அவன் குளித்தபோது நாலுபேர் போய்ப் பார்த்தார்கள். தழும்பு இருந்தது. ஆனால் அது இடது காலா வலது காலா என்பதில் தெல்வாவும் பெலார்மினோவும் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமலிருந்தார்கள். அவன் திருப்பலிக்குப் போயிருந்தபோது யாரோ அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். யாரென்று இன்றுவரை சொல்லவில்லை, உள்ளே என்ன இருந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு சட்டை, ஒரு சவரக்கத்தி, ஒரு குருத்தோலை விசிறி. ஒரு புகைப்படம்கூட இல்லை. இருபது வருடம் வாழ்ந்தவனிடம் ஒரு முகம்கூட இல்லை என்றால் அது என்ன வாழ்க்கை என்று கேட்டார்கள்.

அவன் எதையும் மறைக்காததும் சந்தேகத்தோடு சேர்ந்துகொண்டது. கிணறு எங்கே, செத்துப்போன பசுவின் பெயர் என்ன, எந்தப் பாலத்தில் மூன்றாவது கல் ஆடும், எல்லாம் சரியாகச் சொன்னான். கேட்பதற்கு முன்பே சொன்னான். அந்த வருட அறுவடையில் மற்றவர்களைவிட முதலில் எழுந்து, ஆப்பிள் குவியலின் முன்னால் உட்கார்ந்து, இலை ஒட்டியதை நீக்கி, அழுகியதைக் கழித்து, ஒவ்வொன்றையும் குழந்தையின் தலையைப் பிடிப்பதுபோல் பிடித்து வைத்தான். நாய்கள் அவன் காலடியில் படுத்தன. ஒப்துலியா அழுத்தியின் திருகைச் சுற்றியபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசந்தத்தில் தெல்வாவின் கடையில் முதல் புட்டி திறக்கப்பட்டது. எங்கள் மதுவைத் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஊற்ற வேண்டும். தொடைக்குக் கீழே சாய்த்துப் பிடித்த கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் அது விழுந்து உடைந்து நுரைக்க வேண்டும், அந்தச் சத்தத்திலேயே குடிப்பவனுக்குப் பாதித் தாகம் தீரும். அன்று சத்தம் வரவில்லை. புட்டியிலிருந்து கோப்பை வரை நூல்போல, எண்ணெய்போல, வழவழவென்று இறங்கியது. தெல்வா கையை நிறுத்திய பிறகும் அந்த நூல் அறுபடவில்லை. புளிப்பு போதாத மதுவுக்கு வரும் நோய் அது. அடுத்த பீப்பாயும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. ஒப்துலியாவின் ஆலையில் அந்த ஆண்டு பிழிந்ததெல்லாம் நூல் விழுந்து ஆற்றில் கொட்டப்பட்டது. பெலார்மினோ தின்கிற இனிப்பு ஆப்பிளை மூட்டைக்கு அடியில் வைத்து விற்றான் என்று ஒரு பேச்சு. வண்டிக்காரன் வழியில் மூட்டை மாற்றினான் என்று ஒரு பேச்சு. ஒப்துலியாவுக்கே வாய் போய்விட்டது, வயசு என்று ஒரு பேச்சு. இதுதான் அவளுக்கு வலித்தது. தொப்பியைக் கையில் பிடித்து நின்ற ஆலைக்காரர்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

மறு இலையுதிர்காலம் அவள் யாரையும் நம்பவில்லை, தன் வாயையும் சேர்த்து. மரத்தடியில் ஒரு ரஷாவைக் கடித்துப் பார்த்து, அதே கிளையின் இன்னொன்றில் நகத்தால் கீறி அடையாளம் வைத்து, கூடையில் போட்டு அனுப்பினாள். ஆலையில் அதைத் தேடியெடுத்துக் கடித்தாள். வெல்லம். பிறகு குவியலுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, யார் யார் கை படுகிறது என்று பார்த்தாள். அறுவடைக்கு உதவ வந்த எல்லோர் கையும் பட்டது. ஒவ்வொருவர் வைத்ததையும் எடுத்துக் கடித்துக்கொண்டே வந்தாள். பெலார்மினோ வைத்தது புளித்தது. வண்டிக்காரன் வைத்தது புளித்தது. தெல்வா வைத்ததில் பல் கூசியது. தம்பி வைத்ததை எடுத்தாள், கடித்தாள், மென்றாள், முதல் தடவையாக வாழ்க்கையில் ஒரு புளிப்பு ஜாதியை விழுங்கினாள். பக்கத்து மரத்து மலை எலுமிச்சை ஒன்றைப் பறித்து அவனிடம் நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் புடி."

அவன் பிடித்தான். "என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. குடு." கடித்தாள். புளிப்பு இருந்தது, ஆனால் போய்க்கொண்டிருந்தது, வாசலைத் தாண்டி நடந்து போகிறவனின் முதுகு தெரிவதுபோல. "ஏண்டா," என்றாள், "அங்க என்ன வேலை பாத்த?"

"சர்க்கரை ஆலையில, கொதி அண்டா பக்கத்துல."

"எவ்வளவு நாளு?"

"நாள் பூரா அக்கா. எல்லா வருஷமும்."

ஊர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கொதிக்கும் பாகின் ஆவியில் அத்தனை வருடம் நின்றவன் உடம்பில் சர்க்கரை ஏறாமல் எப்படி இருக்கும். எங்களை உறுத்திய கேள்வி வேறு: புளிப்பு எங்கே போகிறது? ஒரு வண்டிப் புளிப்பு காணாமல் போனால் அது எங்காவது இருந்தாக வேண்டும். சிலர் அவன் ஒளித்து வைத்து அடுத்த பள்ளத்தாக்குக்கு விற்கிறான் என்றார்கள். தெல்வா, ஊரில் போன வருடம் முதல் சண்டை அதிகமாகியிருக்கிறது, கவனித்தீர்களா என்று கேட்டாள். கவனித்த பிறகு எல்லோரும் ஒருவரையொருவர் ஒரு தினுசாகப் பார்க்கத் தொடங்கினோம். கம்பளிக் கையுறை போட்டுப் பார்த்தார்கள். கம்பளியில் எறும்பு மொய்த்தது, ஆப்பிள் இனித்தது. இடுக்கியால் எடுக்கச் சொன்னார்கள். கொஞ்சம் நேரம் அதிகம் பிடித்தது, அவ்வளவுதான். கடைசியில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து, சிற்றாலயத்தின் தாழ்வாரத்தில், பங்குச் சாமியார் நடுவில் நிற்க, பெலார்மினோ எல்லோர் சார்பாகவும் பேசினான்.

"ஒப்துலியா, நாங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல. ஆனா இவன் உன் தம்பி இல்ல. உனக்கே தெரியும். உன் தம்பி கைபட்டா பாலு திரியும். இவன் யாரோ. இவன அனுப்பிடு."

"தெரியும்னு நான் சொன்னேனா?"

"அப்போ தம்பிதான்னு சொல்லு பாப்போம்."

"அதையும் நான் சொல்லல," என்றாள் அவள். "நான் ஒரு ஆப்பிளக்கூட மென்னு பாக்காம சொன்னதில்ல பெலார்மினோ. ஆள எப்படிச் சொல்லுவேன்? இன்னும் வாயிலதான் இருக்கான். துப்புறதா முழுங்குறதான்னு தெரியட்டும். அதுவரைக்கும் இவன் கையில நிக்கிற மாதிரி ஒரு புளிப்பு கிடைக்குதான்னு தேடப் போறேன்."

செஃபெரினோ தூணுக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். கூட்டம் கலையும்போது, பேசியதற்கு பெலார்மினோவுக்கு நன்றி சொன்னான். பெலார்மினோ ஒரு வாரம் தூங்கவில்லை.

இப்படித்தான் அக்காளும் தம்பியும், தம்பியாக இருந்தால், அந்தக் குளிர்காலத்தில் ஊர் ஊராக நடந்தார்கள். வைக்கோலில் பதுக்கிய ஆப்பிள், கிளையில் விட்டுவைத்த ஆப்பிள், பாறை இடுக்கில் பெயரில்லாமல் காய்த்த ஆப்பிள் எல்லாவற்றையும் அவள் முதலில் கடிப்பாள். தேறியதில் இன்னொன்றை அவன் கையில் கொடுப்பாள். அவன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடப்பான். வழியில் அவள் மறுபடி கடித்துப் பார்ப்பாள். ரஷாவ் தோப்பு வேலி தாண்டுவதற்குள் போய்விடும். ரெகோனா பாலம் வரை வரும், கசப்பு மட்டும் மிஞ்சும். மலை எலுமிச்சை துணி துவைக்கும் துறை வரை தாக்குப்பிடிக்கும். மரச்செருப்புகள் சேற்றில் சப்பென்று ஒட்ட, அவள் ஆப்பிளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேச்சுக்கொடுத்துக்கொண்டே வருவாள்.

"அப்பா எந்தக் கையால அடிப்பாரு?"

"இடது கையால. வலது கையில கோப்பை இருக்கும்."

"அம்மா சாகும்போது நீ எங்க இருந்த?"

"கூரை மேல. எறங்கி வரமாட்டேன்னுட்டேன்."

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். "கூரை மேல இருந்தத நானே மறந்துட்டேன்," என்றாள். "எல்லாரும் மறந்துட்டாங்க. நீ மட்டும் ஒண்ணையும் மறக்கல. வாழ்ந்தவன் பாதி மறந்திருப்பான்டா. அதுதான் எனக்கு இடிக்குது."

அவன் கையிலிருந்த ஆப்பிளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அவள் அதை வாங்கிக் கடித்துத் துப்பினாள்.

தேடியது கடல் பக்கம் கிடைத்தது. பாறை விளிம்பில், உப்புக் காற்று ஒரு பக்கமாகச் சீவிவிட்ட ஒரு குட்டை மரம். யாரும் நட்டதில்லை, யாருக்கும் சொந்தமில்லை. காய் முஷ்டி அளவுகூட இல்லை, பச்சையில் துரு ஏறிய நிறம். ஒப்துலியா கடித்தாள். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் கொட்டியது, தொப்பென்று கல்லில் உட்கார்ந்துவிட்டாள், வெகுநேரம் அவளால் வாயை மூட முடியவில்லை. பேச்சு வந்ததும், "இன்னொண்ணு பறி" என்றாள். அவன் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தான். வேலி தாண்டியது, பாலம் தாண்டியது, துறை தாண்டியது. அடுப்படியில் உட்கார்ந்து கடித்துப் பார்த்தாள். பல் கூசியது. காதுக்குக் கீழே நரம்பு இழுத்தது, அளவாக, ஒரு நல்ல வருடத்து ரெகோனா இழுப்பதுபோல. அவள் சிரித்ததை அவன் முதல் தடவையாகப் பார்த்தான். மறுநாள் முதல் அந்த மரத்தின் குச்சிகளை வெட்டிவந்து, தன் தோப்பில் பாதி மரங்களின் தலையை அறுத்து ஒட்டுக்கட்டினாள். நல்ல ரஷாவ் மரங்களை இவனுக்காக வெட்டுகிறாள், மருந்து வைத்துவிட்டான் என்று ஊர் சொன்னது.

ஒட்டுகள் காய்த்த மூன்றாம் இலையுதிர்காலம் வரை எப்படியோ ஓடியது. அந்த ஆப்பிளை நேராகப் பிழிந்தால் பீப்பாயின் இரும்பு வளையம் அரித்தது; உதிர்ந்ததைத் தின்ற பெலார்மினோவின் எருது நான்கு நாள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆனால் செஃபெரினோ ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, கீழே வைத்தால், அதற்கு நிகரான புளிப்பு எங்கள் கடற்கரையில் எங்கும் இல்லை. வசந்தத்தில் தெல்வா கையைத் தூக்கி ஊற்றினாள். கோப்பை விளிம்பில் மது உடைந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. தொப்பிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அதன்பின் அவர்களே தங்கள் தோப்பில் அந்த ஒட்டைக் கட்டி, வண்டிகளைச் செஃபெரினோவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் உட்கார்ந்து தொடுவான், ஒப்துலியா பக்கத்தில் உட்கார்ந்து கடிப்பாள், போதும் என்றால் அடுத்தது. பெலார்மினோவின் வண்டி எப்போதும் வரிசையில் முதலில் நின்றது. சந்தேகம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இத்தனை நல்லது செய்கிறவன் எதற்காகச் செய்கிறான் என்ற புதுக் கேள்வி வந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்படி இருக்கையில் ஒரு வசந்தம், புதுப் பீப்பாய் திறக்கும் விருந்து. ஆட்கள் நின்றபடியே அவித்த முட்டையும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு, பீப்பாயின் துளையிலிருந்து பீறும் மதுவைக் கோப்பையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பங்கைச் சேர்ந்த லிசார்தோ என்பவன் அந்த வாரம்தான் கியூபாவிலிருந்து வந்திருந்தான். எந்த ஆலை மது இது என்று கேட்டான். குவேதோ ஆலை என்றார்கள். "செஃபெரினோ குவேதோ வீடா?" என்றான். "அந்தப் புண்ணியவான நானும் சேந்துதான் குழியில எறக்கினேன். மத்தான்சாஸ்ல, விஷக் காய்ச்சல்ல. சாகுற வரைக்கும் எல்லாரையும் திட்டிக்கிட்டேதான் கெடந்தான். டாக்டர, கன்னிமாதாவ, ஒருத்தரயும் விடல."

பீப்பாயிலிருந்து மது வந்துகொண்டேயிருந்தது. யாரும் கோப்பை பிடிக்கவில்லை, தரையில் ஓடியது. எல்லோரும் திரும்பிச் செஃபெரினோவைப் பார்த்தோம். அவன் கையில் பாதி உரித்த முட்டை. பெலார்மினோவின் முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது.

ஒப்துலியாதான் பேசினாள். "பக்கத்துல யாரு இருந்தா?"

"அடுத்த கட்டில்காரன் ஒருத்தன். ராவும் பகலும் உக்காந்து தண்ணி குடுத்தான். அவன் திட்டுறத எல்லாம் கதை கேக்குற மாதிரிக் கேட்டுக்கிட்டிருப்பான்."

"ஆள் எப்படி இருப்பான்?"

"நல்லவன்மா," என்றான் லிசார்தோ, செஃபெரினோவை நேராகப் பார்த்துக்கொண்டே, அடையாளம் தெரியாமல். "நல்லவன் மூஞ்சி எவனுக்கு ஞாபகம் இருக்கு?"

அவள் முட்டையோடு நின்றவனை ஆலைக்குப் பின்னால், சக்கை குவித்திருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். எங்களில் பலர் சுவரோரம் நின்று கேட்டதால் என்ன பேசினார்கள் என்பது தெரியும். பாதித் தோப்புக்காகவா வந்தாய் என்று கேட்டாள். இல்லை என்றான். பிறகு எதற்கு என்றாள்.

"அவன் சொன்னதெல்லாம் திட்டுதான் அக்கா," என்றான். "ஆனா ஒவ்வொரு திட்டுலயும் ஒரு எடம் இருந்துச்சு. நாசமாப் போன கிணறு, ஆடுற பாலம், வாயில புளிப்ப வச்சிக்கிட்டு சிரிக்காம நிக்கிற அக்கா. நான் அநாதை ஆசிரமத்துல வளந்தவன். திட்டுறதுக்குக்கூட எனக்கு ஒரு ஊர் கெடையாது. அவன் போனதும் இதெல்லாம் வீணாப் போகுதேன்னு இருந்துச்சு. அதான் வந்தேன்."

"முழங்கால் தழும்பு?"

"கப்பல்ல நானே வெட்டிக்கிட்டேன். எந்தக் காலுன்னு அவன் சொல்லல."

அவள் சக்கைக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவனுடைய சொந்தப் பெயரைக் கேட்டாள். அவன் அவள் காதில் சொன்னான். அது மட்டும் எங்களுக்குக் கேட்கவில்லை; அவளும் சாகும்வரை யாருக்கும் சொல்லவில்லை. அதன்பின் அவள் அழுதாள், கால் நூற்றாண்டுக்கு முன் போன அந்தப் புளிச்ச பையனுக்காக, மூக்கைச் சிந்தி, சத்தமாக. இவன் அவள் தோளைத் தொடக் கையை எடுத்தான். எடுத்த கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"தொடுடா," என்றாள் அவள். "நான் என்ன ஆப்பிளா?"

விருந்துக்குத் திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் நின்றாள். "என் தம்பி செஃபெரினோ செத்துட்டான். நாளைக்குப் பூசை. எல்லாரும் வரணும்." பெலார்மினோ பக்கத்தில் நின்ற ஆளைக் கைகாட்டி, அப்போ இவன் யார் என்றான். "இவனும் என் தம்பி செஃபெரினோதான். இவனுக்குக் கறுப்புக் கோட்டு இல்ல, உன்னோடத குடு. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே அளவு."

மறுநாள் செஃபெரினோ குவேதோவின் ஆன்மா இளைப்பாறுவதற்கான திருப்பலி நடந்தது. முன் வரிசையில் பெலார்மினோவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு செஃபெரினோ குவேதோ மெழுகுவர்த்தி பிடித்து நின்றான். சாமியார் ஒரு தடவை அவனைப் பார்த்தார், ஒரு தடவை புத்தகத்தைப் பார்த்தார், புத்தகத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லாததால் தொடர்ந்தார். முடிந்ததும் வாசலில் எல்லோரும் வரிசையாக வந்து, தம்பி போனதற்கு ஒப்துலியாவிடமும், அவனே போனதற்கு அவனிடமும் துக்கம் விசாரித்தோம். அவன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான். கோட்டைப் பெலார்மினோ திருப்பிக் கேட்கவில்லை. தான் அவ்வளவு தூரம் தப்பாகவும் நினைக்கவில்லை, அவ்வளவு தூரம் சரியாகவும் நினைக்கவில்லை என்று மட்டும் தெல்வாவின் கடையில் சொன்னான்.

பிறகு போர் வந்தது, போனது; ஆலையின் கூரை ஒரு தடவை எரிந்தது, மறுபடி போட்டோம். ஒப்துலியாவின் பற்கள் ஒவ்வொன்றாகப் போயின, கடைசி இரண்டை வைத்துக்கொண்டே அவள் மூன்று பள்ளத்தாக்குக்கும் தீர்ப்பு சொன்னாள். அவள் இறந்த அடுத்த குளிர்காலம் அவனும் போனான், எழுபது தாண்டி, குவியலின் முன்னால் உட்கார்ந்தபடியே, மடியில் ஆப்பிளோடு. சிற்றாலயத்தின் பக்கத்தில், ரோட்டை ஒட்டிய சுவரோரம் அவளுக்குப் பக்கத்தில் புதைத்தோம். கல்லில் செஃபெரினோ என்றுதான் பொறித்திருக்கிறது. இனி அந்தக் கடல்மரத்து ஒட்டுகளை வெட்டிவிட வேண்டியதுதான் என்று அந்த வருடம் எல்லோரும் நினைத்தோம். ஆனால் ஆப்பிள் ஏற்றிவந்த ஒரு வண்டி அந்தச் சுவரோரம் அச்சு முறிந்து நின்று, சரிசெய்ய ஒரு பகல் ஆகி, ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடித்துப் பார்த்தவர்களுக்கு, செஃபெரினோ தொட்டு வைத்ததைக் கடித்ததுபோல, பல் அளவாகக் கூசியது. அதிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் வண்டிகளும், இப்போது லாரிகளும், காலையில் கல்லறைச் சுவரோரம் வரிசையாக நிற்கும். மத்தியானம் பெலார்மினோவின் மகள் வந்து ஒவ்வொரு வண்டியிலும் ஒன்றைக் கடித்து, தூரத்தில் ஏதாவது ஒரு கூரையைப் பார்த்துக்கொண்டு மென்று துப்பி, போகலாம் என்றோ இன்னும் கொஞ்சம் நிக்கட்டும் என்றோ சொல்வாள். ரோட்டை அடைத்துக்கொண்டு ஏன் நிற்கிறீர்கள் என்று புதிதாக வந்த போலீஸ்காரர் யாராவது கேட்டால், செஃபெரினோ இன்னும் முடிக்கவில்லை என்று சொல்கிறோம். அவரும் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்.